தேடுபெட்டியிலிருந்து கைபேசி வரை: கூகுள் பரவிய வரலாறு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996-இல் ஒரு தேடுபொறியை உருவாக்கத் தொடங்கினர். தேடிய சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதோடு அது நிற்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு வேறு எவை இணைப்புக் கொடுக்கின்றன, அவை எவ்வளவு மதிப்புள்ளவை என்பதையும் கணக்கிட்டு முடிவுகளை வரிசைப்படுத்தியது. 1998 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் கூகுள் நிறுவனமாயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் அது அஞ்சல், வரைபடம், புத்தகம், காணொளி, உலாவி, கைபேசி என்று பரவியது. தொடர்பில்லாத தாவல்கள் போலத் தெரியும் இவற்றில் நிலைத்தவை பலவும் தேடலின் ஏதோ ஒரு குறையை நிரப்ப வந்தவை.

2000-இல் கிராமி விருது விழாவுக்கு ஜெனிஃபர் லோபஸ் அணிந்துவந்த பச்சை உடையைப் பார்க்கத் திரளான மக்கள் தேடினர்; கிடைத்தவை வெறும் எழுத்து இணைப்புகள். 2001 ஜூலையில் படத் தேடல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலன்று செய்தி தேடியவர்களுக்குக் கூகுளிடம் பழைய பக்கங்களே இருந்தன. தொலைக்காட்சியைப் பாருங்கள் என்று அதன் முகப்பிலேயே எழுதவேண்டி வந்தது. சென்னை ஐஐடியில் படித்த கூகுள் ஆய்வாளர் கிருஷ்ண பரத் அந்தக் குறைக்குத் தீர்வு தேடியதன் பயன் 2002-இல் வந்த கூகுள் நியூஸ். ஒரே நிகழ்வைப் பற்றிப் பல இதழ்கள் எழுதியவற்றைக் கணினியே ஓரிடத்தில் சேர்த்துக் காட்டியது.

இத்தனையையும் இலவசமாகத் தர முடிந்ததற்கு விளம்பரமே காரணம். 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவை 350 விளம்பரதாரர்களோடு தொடங்கியது. 2002-இல் அது ஏல முறைக்கு மாறியது. அதிகத் தொகை கேட்டவருக்கே முதலிடம் என்ற விதி அங்கே இல்லை. கேட்ட தொகையோடு, மக்கள் அந்த விளம்பரத்தை எவ்வளவு சொடுக்குகிறார்கள் என்பதும் எண்ணப்பட்டது. பயனற்ற விளம்பரம் தானாகக் கீழே போயிற்று. 2003-இல் வந்த ஆட்சென்ஸ் அதே விளம்பரங்களைப் பிறர் தளங்களுக்கும் கொண்டுபோயிற்று. இணையத்தை மக்கள் எதற்குப் பயன்படுத்தினாலும் அதில் ஒரு பங்கு வருமானமாகத் திரும்பும் என்ற நிலை வந்தபின், புதுப் பொருள்களைப் பொறுத்திருந்து வளர்க்க நிறுவனத்தால் முடிந்தது.

அந்தப் பொறுமையின் முதல் பெரிய விளைச்சல் ஜிமெயில். கூகுள் பொறியாளர் பால் புக்கைட் 2001-இலேயே அதைத் தொடங்கிவிட்டார்; வெளியானது 2004 ஏப்ரல் 1 அன்று. ஹாட்மெயில் 2 மெகாபைட் இடம் தந்துகொண்டிருந்த நாளில் ஜிமெயில் ஒரு ஜிகாபைட் தருவதாக அறிவித்ததால், முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் எண்ணினர். இடத்தின் அளவைவிட அதன் பின்னிருந்த எண்ணம் பெரிது: அஞ்சலை அழிக்கவும் வேண்டாம், அடுக்கவும் வேண்டாம், தேடி எடுத்துக்கொள்ளலாம். ஒரு கடிதமும் அதன் மறுமொழிகளும் ஒரே உரையாடலாகத் தெரிந்ததும் இன்று பெரும்பாலான அஞ்சல் செயலிகளில் உள்ள வழக்கமாயிற்று. அஞ்சலின் சொற்களைக் கணினி படித்து விளம்பரம் காட்டியது கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அந்த எதிர்ப்பு நியாயமானது; அந்தப் படிப்பை நிறுத்துவதாக நிறுவனம் அறிவிக்க 2017 வரை ஆயிற்று.

வரைபடத்தின் கதை சிட்னியில் தொடங்குகிறது. லார்ஸ், ஜென்ஸ் ராஸ்முசன் சகோதரர்கள் வேறு இருவரோடு நடத்திய சிறு நிறுவனம் கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் வரைபட மென்பொருளைச் செய்துவந்தது. அதே வேலையை உலாவிக்குள் செய்து காட்டச் சொன்ன கூகுள், 2004-இல் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதுவரை இணைய வரைபடத்தில் சற்றே வடக்கே நகர வேண்டுமென்றாலும் அம்புக்குறியை அழுத்தி, முழுப் பக்கமும் மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2005 பிப்ரவரி 8 அன்று வெளியான கூகுள் மேப்ஸ், நிலப்பரப்பைச் சிறு சதுரங்களாக முன்கூட்டியே வரைந்து வைத்தது. பயனர் இழுக்க இழுக்கத் தேவையான சதுரங்கள் மட்டும் பின்னணியில் வந்து சேர்ந்தன. உலாவிக்குள் முழுமையான மென்பொருளே இயங்கும் என்பதை ஜிமெயிலும் மேப்ஸும் சேர்ந்து நிறுவின. இணைய வரலாற்றில் இதற்கு இணையான திருப்பங்கள் சிலவே. கீஹோல் என்ற நிறுவனத்தை வாங்கியதன் வழியாக அதே ஆண்டு ஜூனில் கூகுள் எர்த் வந்தது.

இணையத்தில் இல்லாததைத் தேட முடியாது என்பது இன்னொரு குறை. 2004 டிசம்பரில் ஹார்வர்டு, மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு, நியூயார்க் பொது நூலகம் ஆகியவற்றின் நூல்களை மின்படியாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2005-இல் தொடுத்த வழக்கு பத்தாண்டுக்கு மேல் நீண்டு, தேடிச் சில வரிகளைக் காட்டுவது நியாயமான பயன்பாடே என்ற தீர்ப்போடு முடிந்தது. காணொளியில் கூகுளின் சொந்தத் தளம் தோற்றது. 2006-இல் யூடியூபை 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்கியது.

பிறர் வெற்றியைப் பார்த்துத் தொடங்கியவை நிலைக்கவில்லை. 2011-இல் ஃபேஸ்புக்குக்கு எதிராக வந்த கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. இந்தியாவிலும் பிரேசிலிலும் நேசிக்கப்பட்ட, கூகுளின் முந்தைய சமூக வலைத்தளமான ஆர்குட் 2014-இல் போயிற்று. 2013-இல் கூகுள் ரீடரை நிறுத்தியது மட்டும் தேவையற்ற இழப்பு. வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படித்தவர்களுக்கு அதற்கு நிகரான ஒன்று பிறகு அமையவில்லை.

தமிழுக்கு இந்த விரிவு ஒரே சீராக வரவில்லை. 2003-இல் கூகுள் வாங்கிய பிளாகர் தமிழ் வலைப்பதிவுகள் பலவற்றுக்கு வீடாயிற்று. கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் 2011 ஜூனில் வந்தது. ஆட்சென்ஸ் தமிழை முறைப்படி ஏற்றதோ 2018-இல்தான். அதற்குள் அந்தப் பதிவுகளில் பல ஓய்ந்துவிட்டிருந்தன.

உலாவியும் கைபேசியும் வேறு வகை. அவை தேடலைக் காக்க எழுந்தவை. மைக்ரோசாஃப்டின் உலாவி வழியாகவே பெரும்பாலோர் கூகுளை அடைந்தனர். அந்த வாயில் அடைபட்டால் தேடலே தடுமாறும். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை முன்னின்று உருவாக்கிய குரோம் 2008 செப்டம்பர் 2 அன்று வந்தது. ஒரு தாவல் முடங்கினால் மற்றவை முடங்காதபடி அது அமைக்கப்பட்டிருந்தது. 2005-இல் வாங்கிய ஆண்ட்ராய்டைக் கைபேசி நிறுவனங்களுக்குக் கூகுள் இலவசமாகவே தந்தது. அதில் இயங்கிய முதல் கைபேசி 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது.

வாயில்களைக் காக்கும் வேலை அதோடு நிற்கவில்லை. பிறர் கருவிகளில் கூகுளே இயல்பான தேடுபொறியாக இருப்பதற்கு 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. இத்தகைய ஒப்பந்தங்களால் தேடலில் முற்றுரிமையைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்துக்கொண்டதாக அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். குரோமை விற்கத் தேவையில்லை, ஆனால் பிறரை விலக்கும் ஒப்பந்தங்கள் கூடாது, தேடல் தரவுகளில் சிலவற்றைப் போட்டியாளர்களோடு பகிர வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அவர் ஆணையிட்டார்.