இருக்கையிலிருந்து ஓர் ஒலிப்பதிவு

1975ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ‘ஸ்போர்ட்ஸ் அரீனா’ என்னும் பெரிய விளையாட்டரங்கில், ‘பிங்க் ஃபிளாய்ட்’ என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழு நிகழ்ச்சி நடத்தியது. 1965இல் லண்டனில் தோன்றிய குழு அது. ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மூர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் ஆகிய நால்வரும் மேடையில் இருந்தனர். கீழே ரசிகர் கூட்டத்தில் மைக் மில்லார்ட் என்ற இளைஞர் ஒரு கேசட் ஒலிப்பதிவுக் கருவியுடன் அமர்ந்திருந்தார். அதை அவர் மறைத்துத்தான் உள்ளே கொண்டுவந்திருந்தார். அனுமதி எதுவும் பெறவில்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பரில், ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்ற அக்குழுவின் புகழ்பெற்ற ஆல்பத்திற்குப் பொன்விழாப் பதிப்பு வந்தது. மில்லார்ட் எடுத்த அந்தப் பதிவும் அதில் முறைப்படி சேர்த்து வெளியிடப்பட்டது. திருட்டுப் பதிவு என்று ஒதுக்கப்பட்டு வந்த ஒன்று ஆவணமாக ஏற்கப்பட்டது எவ்வாறு? விடையில் பாதி சட்டத்தைச் சார்ந்தது. பாதி இயற்பியலைச் சார்ந்தது. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் பின்னதையே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இத்தகைய பதிவு ராக் இசையோடு தோன்றியதன்று. 1901 முதல் 1903 வரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கின் நூலகராக இருந்த லயனல் மேப்பில்சன், எடிசனின் ஃபோனோகிராப் கருவியை அரங்கிற்குள் வைத்து, நிகழ்ச்சிகள் நடக்கும்போதே மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். ஓர் உருளையில் சுமார் இரண்டு நிமிடங்களே அடங்கும். மின்பெருக்கி இல்லாத காலம்; மேடைக்கு மேலே தொங்கிய பெரிய ஊதுகுழல் ஒன்றுதான் ஒலியைத் திரட்டியது. கேட்டால் இரைச்சலுக்கு நடுவே குரல் மங்கலாக ஒலிக்கும். ஆனால் ழான் டி ரெஸ்கே என்ற மாபெரும் பாடகரின் குரலைக் கேட்க இன்று நமக்கு அந்த உருளைகளை விட்டால் வேறு வழி இல்லை.

டிரான்சிஸ்டரும் உலர்மின்கலமும் சேர்ந்தபிறகுதான் சாதாரண ரசிகர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அரங்கிற்குள் போக முடிந்தது. 1969 நவம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரில் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழு பாடியதைக் கூட்டத்திலிருந்த சிலர் பதிவு செய்தனர். அவர்களிடம் ஜெர்மனியில் தயாரான ஊஹர் நாடாக் கருவியும், ஒரு திசையிலிருந்து வரும் ஒலியையே கூர்மையாகப் பிடிக்கும் சென்ஹைசர் குழல் ஒலிவாங்கியும் இருந்தன. சில வாரங்களிலேயே அது இசைத்தட்டாகக் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. அப்போது அமெரிக்க நடுவண் அரசின் பதிப்புரிமைச் சட்டம் பாடலைக் காத்ததே தவிர ஒலிப்பதிவைக் காக்கவில்லை. 1972 பிப்ரவரி 15க்குப் பின்னரே புதிய ஒலிப்பதிவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. மேடை நிகழ்ச்சியை அனுமதியின்றிப் பதிவு செய்து விற்பதற்கு எதிரான நடுவண் சட்டம் 1994இல்தான் வந்தது.

இனிக் கேசட்டுக்கு வருவோம். 1963இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் இதை அறிமுகம் செய்தபோது பேச்சைப் பதிவு செய்வதையே முக்கியமாகக் கருதியது. இசைக்கு இது ஏற்றதென்று அப்போது பலரும் நம்பவில்லை. காரணம் எளிது. நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில்தான் நகர்கிறது. 10,000 அதிர்வெண் கொண்ட ஒலியைப் பதிவு செய்தால், ஒவ்வோர் அலையும் நாடாவில் ஏறக்குறைய 5 மைக்ரான் நீளத்தில் அடங்கிவிட வேண்டும். நொடிக்கு 19 செ.மீ. ஓடும் பெரிய நாடாவில் அதே அலைக்கு 19 மைக்ரான் இடம் கிடைக்கும். கேசட்டைப் படிக்கும் காந்தத் தலையின் இடைவெளி இந்த 5 மைக்ரானைவிடக் குறுகலாக இல்லாவிட்டால், மேல்ஸ்தாயி ஒலிகள் மறைந்தே போகும். மற்றொரு குறையும் உண்டு. ஒரு தடத்தின் அகலம் சுமார் 0.6 மி.மீ. மட்டுமே. அவ்வளவு குறுகிய தடத்தில் காந்தத் துகள்கள் குறைவு; ஆகவே ‘உஸ்’ என்ற இரைச்சல் இசையோடு ஒப்பிட மிகுதியாகத் தெரியும்.

இந்த இரைச்சலை அடக்கிய ரே டால்பி, 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக நம் நாட்டில், சண்டிகரின் மத்திய அறிவியல் கருவிகள் அமைப்பில் பணியாற்றியவர் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். இங்கிருந்து போய்த்தான் லண்டனில் தம் ஆய்வகத்தைத் தொடங்கினார். மெல்லிய மேல்ஸ்தாயி ஒலிகளைப் பதியும்போது உயர்த்திப் பதிவது, இசைக்கும்போது அதே அளவு தாழ்த்துவது என்பதே அவர் முறை. தாழ்த்தும்போது இசை தன் பழைய அளவுக்கு வரும். நாடாவின் இரைச்சலோ அதனுடன் சேர்ந்து அமுங்கிவிடும். மில்லார்ட் பயன்படுத்திய நகமிச்சி 550 என்ற ஜப்பானியக் கருவியில் இவ்வசதி இருந்தது. அது மின்கலத்திலும் இயங்கும். ஆனால் சட்டைப்பையில் அடங்கும் பொருளன்று. பல கிலோ எடையுள்ளது. சில நிகழ்ச்சிகளுக்கு அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து, கருவியை அதனடியில் வைத்து வாயிற்காவலர்களைக் கடந்தார் என்பது பலரும் அறிந்த கதை.

நல்ல கருவி இருந்தால் போதுமா? போதாது. இதைவிடப் பெரிய எதிரி அரங்கமே. விளையாட்டரங்கைக் கட்டுபவர் இசையை எண்ணிக் கட்டுவதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுப்பட்டுத் திரும்பும் ஒலி உடனே அடங்காது. இதுவே எதிர்முழக்கம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை அரங்கு ஒன்றில் பேச்சே புரியவில்லை என்று, அதைச் சரிசெய்யும் பொறுப்பை இளம் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் ஒப்படைத்தனர். அங்கே சொன்ன சொல் ஐந்தரை நொடி வரை கேட்டுக்கொண்டிருந்ததாம்! அவர் இரவு நேரத்தில் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து போட்டும், ஆர்கன் குழாய் ஒன்றை ஒலித்தும், ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். பிறந்தது ஒரு விதி: எதிர்முழக்கக் காலம், அரங்கின் கனஅளவை அதன் ஒலி உட்கவரும் பரப்பால் வகுத்து 0.16ஆல் பெருக்கினால் கிடைக்கும். வகுப்பில் இதை நடத்தும்போது சூத்திரத்தைவிட அந்த மெத்தைகளே மாணவர் மனத்தில் நிற்கின்றன.

ஓர் அரங்கின் கனஅளவு 1,00,000 கனமீட்டர், உட்கவரும் பரப்பு 5,000 சதுரமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். எதிர்முழக்கக் காலம் 3.2 நொடி ஆகும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒலிபரப்பும் ஒலிபெருக்கி அங்கே இருந்தால், அதிலிருந்து சுமார் 10 மீட்டர் வரைதான் நேரடி ஒலி ஓங்கியிருக்கும். அதற்கப்பால் எதிர்முழக்கமே ஆட்சி செய்யும். ஒலியை முன்னோக்கிக் குவித்து அனுப்பும் ஒலிபெருக்கியானால் இந்த எல்லை 30 மீட்டர் வரையிலும் நீளக்கூடும். இதய வடிவ ஏற்புத்தன்மை கொண்ட ஒலிவாங்கி, நாலாபுறமும் இருந்து வரும் எதிர்முழக்க ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கையே ஏற்பதால், எல்லை இன்னும் 1.7 மடங்கு விரியும். மில்லார்ட் பயன்படுத்திய ஏ.கே.ஜி. 451 இவ்வகையைச் சேர்ந்தது. ஆகவே எந்த இருக்கைக்குச் சீட்டு வாங்குவது என்பதும் ஒலிப்பதிவின் ஒரு பகுதியே. பின்வரிசையில் அமர்ந்தவர் கையில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் அவருக்குக் கிடைப்பது கிணற்றுக்குள் பாடியது போன்ற ஒலிதான். பக்கத்து இருக்கைக்காரர் விசிலடித்தால் அதற்கு மருந்தே கிடையாது. மேடையைவிட அவர் ஒலிவாங்கிக்கு மிக அருகில் இருக்கிறாரே!

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததில் அப்படி என்ன இருக்கிறது? ‘விஷ் யூ வேர் ஹியர்’ 1975 செப்டம்பரில் வெளியானது. ஏப்ரலில் அதன் பாடல்கள் முழு வடிவம் பெற்றிருக்கவில்லை. ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ என்ற நீண்ட பாடலை அக்குழு இரண்டாகப் பிரித்து, நடுவே ‘ஹேவ் எ சிகார்’ பாடலை வைத்துப் பாடியது. அன்று பாடிய வேறு இரு பாடல்கள் பெயரும் உருவும் மாறி 1977இல் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் வந்தன. கலைஞனின் மனம் எந்த வழியாக நடந்தது என்பதை முடிந்துபோன இசைத்தட்டு காட்டாது. இந்த நாடா காட்டுகிறது. அந்த ஸ்போர்ட்ஸ் அரீனாவும் 2016இல் இடிக்கப்பட்டுவிட்டது.

மறுபக்கமும் உண்டு. 1974 நவம்பரில் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் யாரோ எடுத்த பதிவு கள்ளத்தட்டாக வந்து, அதைக் குழுவின் புதிய ஆல்பம் என்றே எண்ணிப் பலர் வாங்கினர். முடிக்காத படைப்பைப் பிறர் விற்றுக் காசாக்குவதை எந்தக் கலைஞர்தான் பொறுப்பார்? பதிவு செய்வதையும் விற்பதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக்கூடாது என்பது என் கருத்து. மில்லார்ட் தம் நாடாக்களை விற்கவில்லை என்கிறார்கள். நண்பர்களுக்குத் தந்த பிரதிகளில், அவை கள்ளத்தட்டாக வெளிவந்தால் கண்டுபிடிக்க ஏதுவாக இரகசிய அடையாளம் இட்டார் என்றும் சொல்வர்.

2025 வெளியீட்டுக்காக அப்பதிவைச் சீரமைத்தவர் ஸ்டீவன் வில்சன் என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர். நாடா ஓடிய வேகத்தின் பிழையைத் திருத்துவதும், ஸ்தாயிகளைச் சமன்செய்வதும், இரைச்சலைக் குறைப்பதும் இன்று கணிப்பொறிக்கு எளிய வேலைகள். கலந்துவிட்ட குரலையும் கருவியையும் ஓரளவு பிரிக்கவும் முடிகிறது. 2023இல் ஜான் லெனனின் பழைய கேசட்டிலிருந்து அவர் குரலைத் தனியே எடுத்தது இம்முறையில்தான். ஆனால் எதிர்முழக்கத்தில் கரைந்து போன நேரடி ஒலியை முழுவதும் மீட்க இயலாது. அந்த வேலையை 1975இலேயே, இருக்கையைத் தேர்ந்தெடுத்த அன்றே, ஒருவர் செய்து முடித்திருக்க வேண்டும். மில்லார்ட் 1990களில் காலமானார். பொன்விழாப் பதிப்பின் அறிவிப்பில் அவர் பெயர் வெளிப்படையாகவே அச்சிடப்பட்டிருந்தது.