பழையதும் பெருங்குடலும்

திருப்பதிக்குப் பிழைக்க வந்த நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழையதின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. நாம் பழையது என்பதைத் தெலுங்கர் சத்தன்னம் என்பர். வழிக்குக் கட்டிக் கொடுக்கும் அந்தச் சோறுதான் சத்தி மூட்டை. “பெத்தல மாட்ட சத்தி மூட்ட” என்று பெரியவர் சொல்லை அதற்கு ஒப்பிடுவது அவர்கள் பழமொழி.

அந்தப் பழமொழி என்னை உறுத்தும். சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மகனுக்குப் பெருங்குடல் அழற்சி வந்தது. மலத்தோடு ரத்தம் போயிற்று. “மாத்திரையெல்லாம் எதுக்குடா? தினம் பழையது சாப்பிடு, போதும்” என்றேன். பெரியப்பா சொல்லைத் தட்டாமல் மாத்திரையை நிறுத்தினான். இரண்டே மாதத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தான். அதன் பிறகே இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் குடலுக்கு நன்மை செய்யும் என்று 1907-இல் எழுதியவர் ரஷ்ய அறிஞர் மெச்னிகோவ். மறு ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது நோய் எதிர்ப்பு பற்றிய வேறு ஆய்வுக்கு.

பழையதில் புளிப்பு நுண்ணுயிர்களோடு இன்னொரு பொருளும் உண்டு. வடித்த சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகிவிடும். சிறுகுடலில் செரிக்காத அது பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை ப்யூட்டிரேட் முதலிய அமிலங்களாக மாற்றும். பெருங்குடலின் உள்தோலுக்கு ப்யூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். அந்த எரிபொருளைப் பயன்படுத்த முடியாமல் போவதுதான் குடல் அழற்சியோ என்று 1980-இல் ரோடிகர் என்ற மருத்துவர் கேட்டார்.

அடுத்த கட்டம் நம் பக்கத்து ஊரில் நடந்தது. 1911 வரை சித்தூரும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், காலரா கண்ட 48 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். சிலருக்கு உப்பு–சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத சோள மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தனர். அவர்களுக்குப் பேதி குறைந்தது, சீக்கிரம் நின்றது. 2000-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது.

ஆனால் காலரா வேறு, குடல் அழற்சி வேறு. அழற்சி உள்ள 147 பேரிடம் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. 8 வகை நுண்ணுயிர் கலந்த மருந்தை உண்டவர்களில் 12 வாரத்தில் 42.9 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. வெறும் போலி மருந்து உண்டவர்களில் 15.7 விழுக்காட்டினருக்கே தணிந்தது. அது அளந்து தயாரித்த மருந்து. நம் வீட்டுப் பானைச் சோறு அன்று. அந்தப் பானைச் சோற்றையே ஆராயச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்கு 2021-இல் தமிழக அரசு 2.7 கோடி ரூபாய் ஒதுக்கியது. மருத்துவர் ஜெஸ்வந்த் அதை முன்னெடுத்தார்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: பழையதில் நன்மை உண்டு என்று நம்ப நியாயம் இருக்கிறது; அதற்காக மாத்திரையை நிறுத்த நியாயமில்லை. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், புளித்த உணவைத் தொடுமுன் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும்.

தம்பி மகன் இப்போது மாத்திரையை விடுவதில்லை. மருத்துவர் சம்மதித்த பிறகு, நோய் அடங்கிய நாட்களில் பழையதும் சாப்பிடுகிறான். பெரியவர்களாகிய நாம் கட்டிக் கொடுக்கும் சத்தி மூட்டையில், “டாக்டரைக் கேட்டுக்கோ” என்ற சொல்லையும் சேர்த்துக் கட்டுவோம்.