வேஷமும் வாசலும்

பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயிலைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அருணகிரிநாதர் பாடிவிட்டு இரவில் மண்டபத்தில் தூங்குகிறார். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வருகிறாள். முருகன் குழந்தையாகி, காவி உடுத்துக் கிடப்பவர் மேல் தவழ்கிறான். தாயும் பிள்ளையும் என்று நினைத்து ராட்சசி போய்விடுகிறாள். தலபுராணமாக வாசிப்பவர்கள் வாசிக்கட்டும். எனக்கு இது வேஷத்தின் சரித்திரத்தில் ஒரு பக்கம். இருட்டில் வருவதை ஏமாற்றத்தான் மனிதன் முதலில் வேஷம் கட்டியிருப்பான் என்று தோன்றுகிறது.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அக்டோபர் 31 இரவுக்கு இதே எண்ணம்தான் ஆதாரம். செத்தவர்கள் உலவும் இரவு அது. முகமூடி அணிந்தவனை அவர்களுக்கு அடையாளம் தெரியாது. டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 1840களின் பஞ்சத்தில் கப்பலேறிய ஐரிஷ்காரர்களோடு ஹாலோவீனும் அமெரிக்கா போயிற்று; டர்னிப் பூசணியாயிற்று. யுத்தம் முடிந்து 1947ல் சர்க்கரை ரேஷன் நீங்கிய பிறகு, பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் வழக்கம் எங்கும் பரவியது. இதைச் சீரழிவு என்று சொல்லமாட்டேன். பேய்ப் பயம் காலிசெய்த இடத்தில் ஒரு தெரு குடியேறியது.

பயம் பிறகு வேறு உருவில் திரும்பியது. 1974ல் டெக்ஸாஸில் ஒரு சிறுவன் ஹாலோவீன் மிட்டாயிலிருந்த சயனைடால் செத்தான். 1982ல் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் மருந்தில் யாரோ விஷம் கலந்து ஏழு பேர் இறந்தார்கள். பெற்றோர்கள் மிட்டாயைப் பிரித்துச் சோதிக்கலானார்கள். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பழைய பத்திரிகைச் செய்திகளைத் துருவி, முன்பின் தெரியாதவர் கொடுத்த மிட்டாயால் எந்தக் குழந்தையும் செத்ததற்கு ஆதாரமில்லை என்று 1985ல் காட்டினார். டெக்ஸாஸ் சிறுவனுக்கு விஷம் வைத்தவன் இன்ஷூரன்ஸ் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்தத் தகப்பன். பழி மட்டும் அண்டை வீட்டின் மேல் விழுந்தது. தெரு ஏற்கனவே அந்நியமாகியிருந்தது. சந்தேகிக்க உண்மை தேவைப்படவில்லை.

நம்மிடம் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்த காலத்தில், நவராத்திரியில் வாத்தியார் பிள்ளைகளைக் கோலாட்டக் கழிகளோடு வீடு வீடாகக் கூட்டிப்போவார். வாத்தியாருக்குப் பணம், பிள்ளைகளுக்குத் தின்பண்டம். கொலுவுக்கு அழைக்க வேஷம் போட்ட குழந்தைகள் போவார்கள். பாடினால் சுண்டல் கிடைக்கும். அந்த வாசல்கள் எந்தச் சாதிப் பிள்ளைக்குத் திறந்தன என்று கேட்காமல் பழைய தெருவுக்காக அழுவது பொய் அழுகை. அழுவதற்கு முன் அந்தக் கணக்கைத் தீர்க்கவேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு வேஷம் பொருந்தாது என்பதும் சரியில்லை. குலசேகரன்பட்டினத்துத் தசராவில் மீசை வைத்த ஆண்கள் காளியாகிறார்கள். குறவன், குரங்கு, போலீஸ்காரர், பிச்சைக்காரர் என்று நேர்ந்துகொண்டபடி வேஷம். வேஷத்தோடு வாசல் வாசலாகக் கேட்டு வாங்கியதை முத்தாரம்மனுக்குச் செலுத்தவேண்டும். சொந்தக் காசை உண்டியலில் போட்டுவிட்டு வந்தால் எளிது. ஆனால் நேர்ச்சை ஊரிடம் கை நீட்டச் சொல்கிறது. சம்பாதிக்கும் மனிதன் அயலான் வாசலில் கேட்டு நிற்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

குழந்தைப் பருவம் கழிவதால் இந்தப் பண்டிகைகள் தேய்கின்றன என்று சொல்வது சௌகரியமான விளக்கம். வாசலில் நின்று வாங்கியவன் வளர்ந்தால் வாசலுக்குள் நின்று கொடுக்கவேண்டும். சடங்கு அவனுக்கு வைத்திருந்த இடம் அது. அந்த இடத்துக்கு ஆளில்லாமல் போகும்போது பிள்ளைகளின் வேஷம் பள்ளி ஆண்டுவிழா மேடைக்கும் கடை வாசலுக்கும் போய்ச் சேர்கிறது. அங்கே பார்க்க ஆளுண்டு, கதவு கிடையாது.

பூம்பாறையில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. மேலே சாலையில் வண்டியை நிறுத்தும் பயணிகள் மொத்த ஊரையும் ஒரே படத்தில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தூரத்திலிருந்து அழகாகத்தான் இருக்கிறது. எந்தக் கதவையும் தட்டவேண்டியதில்லை.