கண்மாயைக் காத்தவர்கள் யார்? நீர்ப்பாய்ச்சிகளும் இன்றைய ‘தன்னார்வலர்’களும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் இறங்கி நடந்தால், பல இடங்களில் இரண்டு கல்தூண்கள் தனியாக நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் குமிழித் தூம்பு. கரைக்கு உள்ளே, தண்ணீரின் ஆழத்தில் இருக்கும் துளையைத் திறக்கவும் மூடவும் செய்த ஏற்பாடு. சில தூண்களில் எழுத்து இருக்கும்: இன்னார் இந்தக் குமிழியைச் செய்வித்தார் என்று. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுப்பில் 1,130 கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரி, குளம், மடை எல்லாம் அதில் வருகின்றன. கொடுத்தவர் பெயரும் ஆண்டவர் பெயரும் கிடைக்கின்றன. நிறைந்த கண்மாயில் மூழ்கி அடைப்பை எடுத்தவரின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை.

‘மடையன்’ என்ற வசவு மடை திறந்த மனிதரிடமிருந்து வந்தது என்று நம் மேடைகளில் சொல்கிறார்கள். மடமையிலிருந்து வந்தது என்பதே பொருந்துகிறது என்று நினைக்கிறேன். நமக்குத் தேவையான சொல் வேறொன்று: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் கடமைகளில் ஒன்று அது. கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய உழைப்பு. ‘வெட்டி வேலை’ என்றால் பயனற்ற வேலை என்று இன்றைக்குப் பொருள் மாறிவிட்டது. ஆனால் அந்த உழைப்பில் குளம் வெட்டியவர்களும் கரை கட்டியவர்களும் பயனற்ற வேலை செய்யவில்லை. பயன் அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

தென்மாவட்டக் கண்மாய்ப் பகுதிகளில் நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடையர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெரும்பாலும் பள்ளர், பறையர் குடும்பங்களே இந்த வேலையைத் தலைமுறையாகச் செய்தன. மடை திறப்பது, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுவது, ஐப்பசி கார்த்திகை இரவுகளில் கரையில் காவல் இருப்பது, கரை கசிந்தால் பறையடித்து ஊரைக் கூட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்ற கணக்கு அவர்கள் தலையில் இருந்தது. அந்த வயல்களில் அவர்களுக்குச் சொந்தமானவை மிகக் குறைவு. அறுவடையில் களத்துமேட்டில் அளந்து போடும் நெல்தான் கூலி. ஊர் ஊழியக்காரர்களுக்குரிய அந்தப் பங்குக்குப் பழைய வருவாய்க் கணக்குகளில் ‘சுதந்திரம்’ என்று பெயர்! படிக்கும்போது எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

வெள்ளைக்காரர்கள் இதைச் சட்டமாகவே எழுதினார்கள். 1858இன் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டப்படி, கரை உடையும் அபாயம் வந்தால் அக்கம்பக்கத்து ‘உழைக்கும் வகுப்பு’ ஆண்களை அதிகாரிகள் வேலைக்கு அழைக்கலாம், மறுத்தால் தண்டனை. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனி சமஸ்தானம். ஆனால் இன்றைய மாவட்டத்தின் அறந்தாங்கிப் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சியின் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. ‘உழைக்கும் வகுப்பை’க் குறிவைத்த சட்டம் இது. இதைத்தான் இன்று பலர் ‘குடிமராமத்து எனும் பொற்காலக் கூட்டுறவு’ என்று எழுதுகிறார்கள்.

சுற்றுச்சூழல் கூட்டங்களில் ஒரு புலம்பல் கேட்கும்: நீர்க்கட்டி முறை அழிந்தது, கண்மாய்களும் அழிந்தன. பாதி உண்மை. மானுடவியலாளர் டேவிட் மோஸ் பக்கத்துச் சிவகங்கைப் பகுதியை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட நூலில் மீதிப் பாதி இருக்கிறது. இந்த ஊழியம் பொறுப்பாக இருந்த அதே நேரத்தில் இழிவின் அடையாளமாகவும் இருந்தது. சாதி ஊழியங்களை விட்டு வெளியேறுவது தலித் மக்களுக்குத் தன்மானத்தின் பகுதியாக இருந்தது. ஆகவே முறை தானாக அழிந்துவிடவில்லை. நம் தாத்தாக்கள் பலர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள். அதற்காக வருத்தப்பட எனக்கு மனமில்லை.

அவர்கள் விட்ட இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள்? 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை நிலவுடைமையின் மேல் கட்டியது. 2017இல் அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் வேலை ஆயக்கட்டுதாரர் சங்கங்களுக்கே போனது. பத்து சதவீதப் பங்களிப்பை உழைப்பாகவும் தரலாம் என்றார்கள். யாருடைய உழைப்பு என்று கேட்கவில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு, எல்லைக்கு அந்தப் பக்கம் பேராவூரணியில் கைஃபா என்ற அமைப்பில் இளைஞர்கள் சேர்ந்து பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் இளைஞர்கள் கைக்காசு போட்டுக் குளங்களை வெட்டினார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ‘ஊர் கூடிக் குளம் வெட்டியது’ என்று செய்தி படிக்கும்போது, அந்த ஊருக்குள் சேரி இருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம். 2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது இந்த மாவட்டத்தில்தான். விசாரணைக்கு வந்த ஆட்சியர், கோயிலுக்குள் நுழைய விடாமல் வைத்திருந்த அம்மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப் போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. அதை ஏற்காத இயக்கங்கள் பல. ‘சமூகம் சார்ந்த நீர்ப் பாதுகாப்பு’ என்று திட்ட அறிக்கையில் எழுதும் யாரும் இந்தச் ‘சமூகம்’ எது என்று சொல்லிவிட்டு எழுதட்டும்.

எம்.ஏ. முடித்த கையோடு நானும் அப்படி அறிக்கை எழுதியிருக்கிறேன். கண்மாய்ப் பாதுகாப்புக்கான ஒரு சின்னத் தொண்டு நிறுவனம், பெயர் வேண்டாம். ஆறேழு பேர் வேலை பார்த்தோம். களப்பணியில் ஓர் அக்கா இருந்தார், 1991 அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டு பொதுவேலைக்கு வந்தவர். இன்னொரு அண்ணன் காலனிக்காரர், நீர்ப்பாய்ச்சியின் மகன். வரத்துவாரி எங்கே அடைத்திருக்கிறது, எந்த மடை ஒழுகும் என்பதெல்லாம் எங்கள் வரைபடத்தை விட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு மதிப்பூதியம்தான், சம்பளம் அல்ல. பதிவேட்டில் ‘தன்னார்வலர்’. சங்கம் அமைக்கும் கூட்டத்துக்கு வீடு வீடாகப் போய் ஆள் கூட்டியது அவர். ஆயக்கட்டில் நிலமில்லாததால் அந்தச் சங்கத்தில் அவரே உறுப்பினராக முடியவில்லை. மீன்பாசி ஏலப் பணத்தில் காலனிக்கும் பங்கு வேண்டும் என்று தீர்மானத்தில் சேர்க்க நான் முயன்றேன். திட்டம் கெட்டுவிடும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். நானும் எழுதாமல் விட்டேன். அது என் தவறு.

வேலை முடிந்ததும் கரையில் பலகை வைத்தோம். நிதி கொடுத்தவர், சங்கத் தலைவர், பொக்லைன் கொடுத்தவர் பெயர்கள் இருந்தன. களப்பணியாளர் பெயர் ஒன்றுகூட இல்லை. பலகைக்கான வாசகத்தைத் தட்டச்சு செய்தது நான்தான்.

அந்த நிறுவனத்தை விட்டு நான் வந்துவிட்டேன். அண்ணன் அங்கேயே இருக்கிறார். மழை பிடித்தால் ஊரிலிருந்து முதல் போன் அவருக்குத்தான் வருகிறது. போன கார்த்திகையில் நள்ளிரவில் போய் மணல் மூட்டை அடுக்கிக் கசிவை அடைத்திருக்கிறார். அந்த மாத மதிப்பூதியம் மாசியில் வந்ததாம்.