இடைவேளையும் ஆசிரியரும்

வலிய மாணவர் மெலிய மாணவரைத் துன்புறுத்துவது நெடுங்காலமாக உள்ளதே. அதனை ஆராய்ந்து தடுக்க ஒரு நாடு முனைந்த வரலாறு மட்டும் அண்மைக் காலத்தது.

1982-ஆம் ஆண்டின் இறுதியில், நார்வேயின் வடபகுதியில் 10 முதல் 14 வயது வரையுள்ள சிறுவர் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். உடன் பயின்றோரின் கொடுமையே காரணமாகலாம் என்ற செய்தி வெளிவர, நாடே கலங்கிற்று. மறு ஆண்டே அரசாங்கம் நாடு தழுவிய இயக்கமொன்றைத் தொடங்கியது.

பெர்கன் நகரப் பேராசிரியர் டான் ஓல்வெயஸ், பெயர் குறிக்காத வினாத்தாள் வழியே மாணவரையே வினவினார். விடை யாது? பள்ளிக்கு வரும் வழியைவிடப் பள்ளிக்குள்ளேதான் கொடுமை மிகுதி. வகுப்பின் அளவு காரணமன்று. இடைவேளையில் மேற்பார்க்கும் ஆசிரியர் தொகை மிகுந்த பள்ளிகளிலோ கொடுமை குறைவு! "வகுப்பிலே கூட்டம், யாம் என் செய்வோம்?" என்று கைவிரிக்கும் தலைமையாசிரியர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

பெர்கனில் 42 பள்ளிகளின் மாணவர் ஏறத்தாழ 2,500 பேர் ஈராண்டுகள் கவனிக்கப்பட்டனர். துன்புறுத்தியவனிடமும் துன்புற்றவனிடமும் ஆசிரியர் பேசினர், பெற்றோரும் அழைக்கப்பட்டனர். பார்த்து நிற்போரும் உதவவேண்டும் என்பது வகுப்பு விதியாயிற்று. "திருப்பி அடி" என்னும் தந்தையரும் "பொறுத்துக்கொள்" என்னும் தாயரும் நம்மிடையே உண்டல்லவா? அங்கோ பொறுப்பு பெரியோர்மீதே வைக்கப்பட்டது. கொடுமைக்கு ஆளானோர் தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று.

ரோகலாந்துப் பகுதியில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. இயக்கத்தின் ஏடுகள் அங்கும் சென்றன. ஆயின், பெர்கனிற்போல் ஆராய்ச்சியாளர் பள்ளிகளோடு நெருங்கிய தொடர்பு கொள்ளவில்லை.