கும்பளங்கிக் கயிறு

கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த தீவூர் கும்பளங்கி. தென்னையும் உவர்நீரும் இங்கே தந்த கைத்தொழில் கயிறு திரித்தல். பச்சைத் தேங்காய் மட்டைகளைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். நாரைப் பிணைக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் கரைக்கும். பின் கொட்டாப்புளியால் தட்டி, நாரிடையே உள்ள தூளை உதறினால் பொன்னிற நார். அதை மடியில் கட்டிக்கொண்டு, சுழலும் ராட்டையிலிருந்து பின்னோக்கி நடந்தபடியே பெண்கள் இழை விடுகிறார்கள். இரண்டு இழைகள் எதிர்முறுக்கில் சேர்ந்து கயிறாகின்றன. இழை எங்கும் ஒரே பருமனாக வருவது முழுக்க விரல்களின் அறிவு. அந்த உழைப்புக்குக் கிடைத்த கூலியோ என்றும் சொற்பம்.  2003-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த சுற்றுலாக் கிராமத் திட்டத்துக்குப் பின், ஓலை முடைதலோடு கயிறு திரிப்பதையும் பயணிகள் பார்த்துப் பழகுகிறார்கள்.