நோயுற்ற தோற்ற ஒப்பனை

நடிகரை நோயாளியாகக் காட்டும் சிறப்பு ஒப்பனை முறை. திரைப்படம், நாடகம், மருத்துவப் பயிற்சி ஆகியவற்றில் பயன்படுகிறது. முகம் முழுவதும் வெள்ளை பூசுவது தொடக்கநிலைப் பிழை; அது பேய் வேடமாகிவிடும். உண்மையான நோய் முகத்தில் இடத்துக்கு இடம் வேறுபடும். கண்ணடியில் ஊதாவும் பழுப்பும், இமை விளிம்பில் சிவப்பு, உதட்டில் வறட்சி. காய்ச்சலுக்குக் கிளிசரின் கலந்த நீர் வியர்வையாக நிற்கும். மஞ்சள் காமாலைக்குத் தோலை மட்டும் மஞ்சளாக்கினால் போதாது. கண்வெள்ளையை மஞ்சளாக்க, அதையும் மூடும் வண்ணத் தொடுவில்லை வேண்டும். வெளிறல் மாநிறத்தோரிடம் மஞ்சள் கலந்த பழுப்பாகவும் கருநிறத்தோரிடம் சாம்பல் சாயலாகவும் தெரியும் என்பதால், வெள்ளைத்தோலுக்கான வண்ணங்களை அப்படியே பூசக் கூடாது.

இக்கலைக்குச் சிறந்த சான்று, எய்ட்ஸ் நோயாளிகளைப் பற்றிய 'டல்லாஸ் பையர்ஸ் கிளப்' (2013) என்ற அமெரிக்கப் படம். ஒப்பனைக்கு ஒதுக்கப்பட்ட தொகை 250 டாலர் மட்டுமே. ஒப்பனையாளர் ராபின் மேத்யூஸ் தோல் தடிப்புகளைச் சோள ரவையையும் சோள மாவையும் கொண்டு உருவாக்கினார். நடிகர்கள் மேத்யூ மெக்கானகியும் ஜாரெட் லெட்டோவும் உண்மையாகவே உடல் மெலிந்திருந்தனர். காட்சிகள் கதை வரிசையில் படமாக்கப்படாததால், ஒரே நாளில் நோயின் வெவ்வேறு கட்டங்களை முகத்தில் மாற்றி மாற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2014இல் மேத்யூஸுக்கும் சிகையலங்காரம் செய்த அட்ருயிதா லீக்கும் ஆஸ்கர் விருது கிடைத்தது.

மருத்துவ, பேரிடர் மீட்புப் பயிற்சிகளில் இவ்வொப்பனை முறை 'மூலாஜ்' எனப்படுகிறது. காயத்தையும் தடிப்பையும் பயிற்சி பெறுவோர் கண்ணால் கண்டே இனங்காண வேண்டும். ஆகவே அங்கு அழகைவிடத் துல்லியமே முதன்மை.